வன்னிக்கு ஒரு புது 350: எதைப் பார்த்து எடுப்பது, எப்படிப் பேணுவது

கேள்வி சுருக்கமாக இது. புதுக்குடியிருப்பில் இருக்கும் ஒரு தம்பி, பழைய தோற்றத்தில் புதிதாக வரும் 350 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று எடுக்க யோசிக்கிறார். றோயல் என்பீல்ட் கிளாசிக், ஹொண்டா சிபி350 மாதிரியான வகை. வேலைக்கும் வயலுக்கும் தினமும் கிரவல் வீதி, கிழமைக்கு ஒருக்கால் கிளிநொச்சி அல்லது வவுனியா. புது மொடலில் எதைப் பார்த்து எடுப்பது, எங்கட தூசிக்கும் வெயிலுக்கும் மாரிக்கும் எப்படிச் சேர்விஸ் செய்வது, கைநூலில் போட்டிருக்கிற கணக்குச் சரிவருமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சரிவராது. கைநூலின் 5,000, 10,000 கிலோமீற்றர்க் கணக்கெல்லாம் தார் வீதியை வைத்துப் போட்டது. தூசியான இடங்களில் முன்கூட்டியே மாற்றச் சொல்லி அட்டவணைக்குக் கீழே பெரும்பாலும் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். வன்னிக்காரருக்கு அந்த வரிதான் அட்டவணை. இங்கே ஒரு எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட, எவ்வளவு மண் உள்ளே போனது என்பதுதான். ஆகவே மொடலைத் தெரிவு செய்யும்போதே அதையும் கணக்கில் எடுங்கள். பெற்றோல் தாங்கியின் நிறத்தைப் பார்க்க முன்னம் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

முதலில், இந்த வகை வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெளியே உருண்ட விளக்கு, துளி வடிவத் தாங்கி, பின்னால் இரட்டை ஷொக். உள்ளே கார்பரேற்றர் இல்லை. பெற்றோலைக் கணினி அளந்து தெளிக்கிறது. சில்லு பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பிரேக், கண்ணிகளில் சின்ன ரப்பர் வளையங்கள் உள்ள ஓ-ரிங் செயின், சைலன்சர் குழாய்க்குள் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர். றோயல் என்பீல்டின் இப்போதைய 350 எஞ்சின் 2020இல் மீற்றியோர் மொடலில் வந்தது; 2021இல் கிளாசிக்குக்கும், 2022இல் ஹன்டருக்கும், 2023இல் புல்லட்டுக்கும் அதையே பூட்டினார்கள். 349 சி.சி.; பிஸ்டன் விட்டம் 72 மி.மீ., அதன் ஓட்டம் 85.8 மி.மீ. ஓட்டம் விட்டத்தைவிட நீண்டதால் கீழ்ச் சுற்றிலேயே இழுவை வந்துவிடும்: நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீற்றர். உச்ச வலு 6,100 சுற்றில் 20 குதிரைவலு சொச்சம்தான். தாளில் பார்க்கக் குறைவாகத் தெரியும். ஆனால் ஊர்மனைக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்குச் சட்ட வேகம் மணிக்கு 70 கி.மீ. ஏ-9 வீதியில் அந்த வேகத்தில் இந்த எஞ்சின் அலுங்காமல் ஓடும். மணலிலும் கிரவலிலும் கிளச்சை அரைக்காமல் இரண்டாம் கியரில் ஊரும். ட்ரையம்ப் ஸ்பீட் 400 போன்ற நீர் குளிரூட்டிய எஞ்சின்கள் 40 குதிரைவலு தரும். அதற்கு 8,000 சுற்றுப் போக வேண்டும். நல்ல எஞ்சின்தான், ஆனால் அந்தச் சுற்றுக்கு எங்கட வீதியில் வேலை இல்லை. ரேடியேற்றரைக் கிரவல் கல்லிலிருந்து காப்பாற்றும் வேலை மட்டும் கூடுதலாக வந்து சேரும். என் தெரிவு, கீழ்ச் சுற்றில் இழுக்கும் காற்றுக் குளிரூட்டல் எஞ்சின்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2009 முதல், 2021இல் புது எஞ்சின் வரும் வரை விற்ற பழைய கிளாசிக் 350இல் வால்வுக்கு ஹைட்ரோலிக் டப்பெற். வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். அதை ஓட்டிப் பழகியவர்கள் "என்பீல்டுக்கு டப்பெற் பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லிவிடுவார்கள். புது எஞ்சினில் அந்த அமைப்பு இல்லை. இடைவெளியை அளந்து பார்த்து, பிசகியிருந்தால் சரிசெய்ய வேண்டும். பழைய அனுபவத்தை அப்படியே புது எஞ்சினுக்கு நம்பினால் எரிந்துபோவது எக்ஸோஸ்ட் வால்வுதான்.

இனி வடிவமைப்பு. கிளாசிக்கின் எடை 195 கிலோ, ஹன்டர் 181, ஹொண்டா ஹைனஸ் சிபி350 181. தார் வீதியில் இந்த 14 கிலோவை உணர மாட்டீர்கள். மாரியில் வயல் வரம்போரம் சறுக்கி, தனியாளாக நிமிர்த்தும்போது உணர்வீர்கள். கிளாசிக்கின் தரை இடைவெளி 170 மி.மீ. கிரவல் வீதியில் ட்ராக்டர் சில்லுகள் இரண்டு தடம் போட்டு நடுவில் மேடு விட்டிருக்கும். தடத்துக்குள் ஓடும்போது அந்த மேடு எஞ்சினின் அடிவயிற்றில் இடிக்கும். ஒயில் வடிக்கும் போல்ட் எங்கே இருக்கிறது, எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். அடியில் காப்புத் தகடு இல்லாத மொடலுக்கு 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒன்று பூட்டுவது முதல் செலவாக இருக்கட்டும். தகட்டில் துளைகள் விடுங்கள். இல்லாவிட்டால் சேறு தங்கிக் காய்ந்து எஞ்சினின் சூட்டை அடைக்கும்.

சில்லு விஷயத்தில்தான் பலர் அழகுக்கு மயங்குவது. கம்பிச் சில்லுக்குப் பெரும்பாலும் ரியூப் உள்ள ரயர். வார்ப்புச் சில்லுக்கு ரியூப் இல்லாத ரயர். கம்பிச் சில்லு குழியில் அடிபட்டால் நெளியும், ஆனால் நெளிவை எடுக்கலாம். வார்ப்புச் சில்லில் அடி பலமாக இருந்தால் வெடிப்பு விழும். வெடித்ததை ஒட்டி ஓடுவது உயிரோடு விளையாட்டு. இது கம்பிச் சில்லின் பக்க நியாயம். மறுபக்க நியாயம் பஞ்சர். ரியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும். வீதியோரத்தில் பத்து நிமிடத்தில் திரி வைத்து அடைத்துவிட்டுப் போகலாம். ரியூப் உள்ளதில் ஒரே மூச்சில் இறங்கிவிடும், சில்லைக் கழற்றவும் வேண்டும். கிளாசிக்கின் முன்சில்லு 19 அங்குலம், பின்சில்லு 18. எங்கட சந்திக் கடைகளில் தொங்கும் ரியூப்கள் பெரும்பாலும் 100 முதல் 150 சி.சி. வண்டிகளுக்கானவை, 17உம் 18உம். 19 அங்குல ரியூப் ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இரவில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். தனியே நீண்ட தூரம் போகிறவருக்கு வார்ப்புச் சில்லு, ரியூப் இல்லாத ரயர். கம்பிச் சில்லுத்தான் வேண்டுமென்றால் ஒரு முன் ரியூப், இரண்டு ரயர் லீவர், சின்னக் காற்றுப் பம்ப் ஆகியவை எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

அதோடு நடு ஸ்ரான்ட். சில புது மொடல்களில் இதை எடுத்துவிட்டார்கள், அல்லது தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தருகிறார்கள். செயினுக்கு எண்ணெய் விட, பின்சில்லைக் கழற்ற, ஒயில் மட்டம் சரியாகப் பார்க்க இது வேண்டும். பூட்ட இடமிருக்கும் மொடலை எடுத்து, வாங்கும்போதே பூட்டுவித்துவிடுங்கள். பக்க ஸ்ரான்டின் பாதம் சின்னது. மணலில் புதைந்து வண்டி சாயும். அடியில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை ஒட்டவைத்தால் தீர்ந்தது.

பழைய அழகு உண்மையாகவே வேலைக்கு உதவும் இடம் இரண்டு. ஒன்று, நீண்ட இரும்பு மட்கார்ட். புதுப் பாணியில் வரும் கட்டை மட்கார்ட் மழைநாளில் சேற்றை எஞ்சின் முகத்திலும் பின்னால் இருப்பவரின் முதுகிலும் அடிக்கும். இரண்டு, முன் போர்க்கில் வரும் மடிப்பு ரப்பர் உறை. போர்க்கின் பளபளப்பான குழாயில் சேறு காய்ந்து மேலும் கீழும் போகும்போது ஒயில் சீலை அறுத்துவிடும்; உறை அதைத் தடுக்கும். ஆனால் மன்னாரில் முருங்கன் பக்கம் கறுப்புக் களியில் ஓடுபவர்கள் மட்கார்ட்டுக்கும் ரயருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். களி இறுகினால் முன்சில்லு சுற்றாமல் நின்றுவிடும்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. ஹலஜன் பல்பு எந்தக் கடையிலும் கிடைக்கும், எல்இடி விளக்கு பழுதானால் பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். ஆனாலும் பரந்தன்–முல்லைத்தீவு, மாங்குளம்–முல்லைத்தீவு வீதிகளில் இரவில் மாடும், சில இடங்களில் யானையும் நிற்கும். அங்கே எல்இடியின் வெளிச்சம் அந்தச் செலவுக்குத் தகும்.

சேர்விசுக்கு வருவோம். முதல் 500 கிலோமீற்றரில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடாதீர்கள், முறுக்கிப் பிடிக்காதீர்கள், மேட்டில் பெரிய கியரில் எஞ்சினைத் திணறவிடாதீர்கள். புது எஞ்சினில் உராய்ந்து கழன்ற உலோகத் துகள் அத்தனையும் அந்த முதல் ஒயிலில்தான் இருக்கும். 500இல் ஒயிலும் ஒயில் பில்டரும் இரண்டும் மாற வேண்டும். ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு பில்டரை அப்படியே விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

எயார் பில்டர்தான் இந்தப் பதிலின் நடுப்பகுதி. கிரவல் தூசியில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா, இரும்பைவிடக் கடினமானது. பில்டரைத் தாண்டிப் போன சிட்டிகைத் தூசி சிலிண்டர் சுவருக்கும் றிங்குக்கும் நடுவில் அரமாக வேலை செய்யும். வெளியில் எந்தச் சத்தமும் கேட்காது. ஆறு மாதம் கழித்து ஒயில் குறையும், காலையில் நீலப்புகை வரும், மேட்டில் இழுவை விழும். அப்போது செய்யக் கூடியது சிலிண்டர் வேலை மட்டும்தான். சோளகம் அடிக்கும் வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரைக்கும் 2,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். லொறிகளுக்குப் பின்னால் கிரவல் வீதியில் தினமும் ஓடுபவர் 1,000இல் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை: மூடியைக் கழற்ற முன்னம் பெட்டியின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போதே மண் உள்ளே விழும். பில்டரை எடுத்தபின், எஞ்சின் பக்கமாகப் போகும் குழாயின் உட்சுவரில் சுத்தமான வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டு ஒரு சுற்றுத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நல்லது. செம்மண் நிறம் ஒட்டி வந்தால் பில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது அதன் ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை. அந்த விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசி உட்காரவைத்தால் இடுக்கால் தூசி போகாது.

உலர்ந்த தாள் பில்டர் என்றால் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில், 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், ஊதலாம். ரயருக்குக் காற்று அடிக்கும் குழாயை முழு அழுத்தத்தில் கிட்டப் பிடித்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். பெற்றோலிலோ சவர்க்காரத் தண்ணீரிலோ கழுவக் கூடாது. ஹொண்டாவில் பரவலாக வரும் எண்ணெய் ஊறிய தாள் பில்டரை ஊதவும் கூடாது. அழுக்கானால் மாற்றுவது ஒன்றே வழி. ஊதி ஊதி ஓடுவதைவிட இரண்டு மூன்று ஊதலுக்குப் பின் புதியது போடுங்கள். பில்டர் விலையையும் சிலிண்டர் வேலை விலையையும் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒயில். என்பீல்டின் புது 350க்கு 15டபிள்யூ-50 தரம். எந்த மொடலானாலும் போத்தலில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான "ஜாசோ எம்ஏ" அல்லது "எம்ஏ2" குறியீடு, கைநூல் சொல்வதுபோல, இருக்க வேண்டும். கிளச் பிளேற்றுகளும் இதே ஒயிலில்தான் ஊறி ஓடுகின்றன. கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். எஞ்சின் மென்மையாக ஓடுவது போலத் தெரியும், ஆனால் கிளச் வழுக்கத் தொடங்கும். கைநூலில் 10,000 என்று இருந்தாலும் கிரவலில் ஓடும் வண்டிக்கு 5,000இல் மாற்றுங்கள். சூடான எஞ்சினில் வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வடிக்கும் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். அதை நீண்ட பிடியால் முறுக்கி இறுக்க வேண்டாம்: எஞ்சின் அடி அலுமினியம், போல்ட் இரும்பு, புரி வழன்றால் பெரிய வேலை. மட்டம் பார்க்கும் முறையிலும் பிழை நடக்கும். பக்க ஸ்ரான்டில் சாய்ந்து நிற்கும்போது கண்ணாடித் துளையில் தெரியும் மட்டம் பொய். மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. கூடிய ஒயில் மூச்சுக்குழாய் வழியாக எயார் பில்டர் பெட்டிக்குள் போய் பில்டரை நனைக்கும். ஒயில் பால் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அதோடு ஓடாதீர்கள்.

வால்வு இடைவெளியை முதல் சேர்விசிலும், பிறகு 5,000க்கு ஒருமுறையும் அளப்பிக்க வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்; இரவு நின்ற வண்டியைக் காலையில் முதல் வேலையாகக் கொடுப்பது நல்லது. மத்தியானம் ஓடிக்கொண்டு போய், அரை மணித்தியாலம் கழித்து அளந்தால் அளவு பிழைக்கும். "டிக் டிக்" என்ற சத்தத்தை எல்லோரும் கவனிப்பார்கள். அது இடைவெளி கூடியதன் அடையாளம், ஆபத்துக் குறைவு. ஆபத்தானது சத்தமே இல்லாமல் இடைவெளி குறைவது. வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராமல், சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் எரியும். சூடான எஞ்சின் ஸ்ரார்ட் ஆக அடம்பிடித்து, ஆறியபின் உடனே ஸ்ரார்ட் ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சத்தமே பிடிக்காது என்று மெக்கானிக்கிடம் இடைவெளியைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

காற்றுக் குளிரூட்டல் எஞ்சினுக்குச் சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்கள்தான் ரேடியேற்றர். செதில் இடுக்கில் ஒயிலும் தூசியும் சேர்ந்து அப்பினால், அல்லது சேறு காய்ந்து இறுகினால், பங்குனி சித்திரை வெயிலில் எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகும். ஆறிய எஞ்சினில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியாலும் பழைய பல்துலக்கும் தூரிகையாலும் எடுங்கள். சூடான எஞ்சினில் தண்ணீர் அடிக்க வேண்டாம். போகம் வெட்டும் காலத்தில் இன்னொரு கவனம்: கொன்வேட்டர் உள்ள சைலன்சர் குழாய் பழைய வண்டிகளைவிட அதிகம் சூடாகும். வைக்கோலின் மேலோ காய்ந்த புல்லின் மேலோ நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும். எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவில் சிக்கிய வைக்கோலை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

செயின். பெரும்பாலான 350களுக்குத் தொய்வு 25 முதல் 35 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் மொடலின் சரியான அளவு பின்சில்லைத் தாங்கும் கையில் (ஸ்விங் ஆர்ம்) ஒட்டிய தாளில் உண்டு. சில்லைச் சுற்றிச் சுற்றி, செயின் எந்த இடத்தில் மிக இறுக்கமாக வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் அளக்க வேண்டும். செயின் ஒரே சீராகத் தேயாது; தொய்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால் இறுகிய இடம் கியர் பெட்டியின் பெயாரிங்கை இழுத்துத் தின்னும். சத்தமில்லாத தொய்வைவிட அதிக இறுக்கம் கெடுதல். பின்னால் ஆளோ நெல்மூட்டையோ ஏறும்போது இன்னும் இறுகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் போதும். பெற்றோல் ஓ-ரிங்கை உலர்த்தி வெடிக்கவைக்கும். கம்பித் தூரிகை அதை அறுக்கும். துடைத்துக் காயவிட்டு, 90 நம்பர் கியர் ஒயிலைச் செயினின் உட்பக்கமாகத் துளித்துளியாக விட்டுச் சில்லைச் சுற்றுங்கள். இரவு முழுக்க விட்டுக் காலையில் மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். கோடையில் 400–500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மாரியில் நன்றாக நனைந்த ஒவ்வொரு நாளும். தடிப்பான பசைபோன்ற ஸ்ப்ரே மழைக்கு நல்லது. கிரவல் தூசியில் அது மண்ணைப் பிடித்துவைத்து ஸ்ப்ரொக்கெற் பல்லை அராவும். பல் ஒரு பக்கம் கொக்கிபோல வளைந்துவிட்டால் செயினையும் இரண்டு ஸ்ப்ரொக்கெற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றுவது காசை வீசுவது.

கம்பிச் சில்லு எடுத்தவர்கள் முதல் 500இலும், பிறகு ஒவ்வொரு சேர்விசிலும் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். இறுகிய கம்பி மணி போலக் கணீரென்று பேசும். தளர்ந்தது "டொக்" என்று அடங்கும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் கால் சுற்று இறுக்கலாம். நாலைந்து அடுத்தடுத்து இருந்தால் சில்லைத் தெரிந்தவரிடம் கொடுத்து நேராக்குங்கள், ஏனென்றால் ஒரு பக்கம் இறுக்கும்போது மறுபக்கம் இழுபடும். தளர்ந்த கம்பி ஒன்று உடைந்தால் பக்கத்துக் கம்பிகளின் மேல் பாரம் ஏறி அவையும் வரிசையாகப் போகும். கிரவலில் ரியூப் உள்ள ரயருக்குக் காற்றைக் குறைக்கும் பழக்கமும் வேண்டாம். மென்மையாகத் தெரியும், ஆனால் கல்லில் அடிபடும்போது விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசுங்கி இரட்டைக் கீறல் விழும்.

பிரேக் எண்ணெய் டொட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மாரியில் வேகமாக. டிஸ்க் பாட்டின் தடிப்பு 1 மி.மீ.க்கு வர முன்னம் மாற்றுங்கள். தூசியில் பாட்டைவிட முதலில் பிரச்சினை தருவது கலிப்பர் சறுக்கும் ஊசிகள்: காய்ந்து பிடித்து, ஒரு பாட் மட்டும் தேய்ந்து, சில்லு சூடாகும். பாட் மாற்றும்போது ஊசிகளைக் கழற்றித் துடைத்துச் சிலிக்கோன் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். ஏபிஎஸ் விளக்கு, வண்டி நகர்ந்து கொஞ்சத் தூரத்தில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கணினியைக் குறைசொல்ல முன்னம் சில்லின் நடுவில் இருக்கும் பல்வளையத்தையும் அதன் சென்சரையும் துடைத்துப் பாருங்கள். பாதி நேரம் அது சேறுதான். கிரவலில் ஏபிஎஸ் சில்லைப் பூட்டவிடாது; அதனால் நிற்கும் தூரம் நீளும். தாரில் பழகிய கணக்கில் கிரவலில் பிரேக் பிடிக்காதீர்கள்.

மின்சாரம் இந்த வண்டிகளில் புதிய தலையிடி. என்பீல்டின் புது 350இல் உதை ஸ்ரார்ட்டர் கிடையாது. பற்றரி முழுதாக இறங்கினால் தள்ளி ஸ்ரார்ட் பண்ணுவதும் நடக்காது. பெற்றோல் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். நிறுத்திய வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். சாவியைத் திருப்பியதும் தாங்கிக்குள் இரண்டு செக்கன் மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும், அது பம்ப். கேட்காவிட்டால் முதலில் ஹான்டிலில் உள்ள எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச், பிறகு பியூஸ். பம்ப் இரைந்தும் ஸ்ரார்ட் ஆகாவிட்டால், அல்லது கியர் போட்டதும் எஞ்சின் நின்றுவிட்டால், பக்க ஸ்ரான்ட் சுவிட்சைக் கழுவுங்கள். சேறு பிடித்து, ஸ்ரான்ட் கீழே இருப்பதாகவே கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். நெல் அடுக்கிய கொட்டிலில் வண்டி நிற்குமானால் சீற்றுக்கு அடியில் எலி வயர் கடித்திருக்கிறதா என்றும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை ஓடவைத்த கைகள் வன்னியில் இருந்தன. அந்தக் கைத்திறமைக்கு இணை கிடையாது. ஆனால் புது எஞ்சினில் திருகிச் சரிசெய்யக் கார்பரேற்றர் ஜெற் கிடையாது. கோளாறைப் படிக்கும் ஸ்கானர் கருவி உள்ள கராஜ் ஒன்று உங்களுக்குக் கிட்ட எங்கே இருக்கிறது என்று வண்டி எடுக்க முன்னம் விசாரியுங்கள். ஒயில், செயின், பிரேக், சில்லு எல்லாம் ஊர் மெக்கானிக்கிடமே செய்யலாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விழுந்தால் வயர்களை வெட்டிப் பார்க்க விட வேண்டாம்.

பெற்றோல் 92 ஒக்டேன் போதும், 9.5:1 அழுத்த விகிதத்துக்கு 95 அடிப்பதில் பயன் இல்லை. தாங்கியைக் கால்வாசிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், பம்ப் பெற்றோலில் மூழ்கியிருந்துதான் குளிர்கிறது. போத்தலில் விற்கும் பெற்றோல் அவசரத்துக்கு மட்டும். அடியில் தண்ணீரோ துகளோ இருந்தால் பம்பின் வலை அடைபடும். மாரியில் வண்டி கன நாள் நிற்கப் போகிறதென்றால் தாங்கியை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். வெற்றிடத்தில் ஈரம் படிந்து இரும்புத் தாங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இரணைமடு வான்கதவு திறக்கும் நாட்களிலும், வட்டுவாகல் பாலத்தின் மேலால் தண்ணீர் ஓடும்போதும், தண்ணீர் சில்லின் நடு அச்சைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். அதற்குக் கீழே என்றால் முதலாம் கியரில், அக்சிலேற்றரை விடாமல், சீராகப் போங்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்ரார்ட் அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கொனெக்ரிங் றொட் வளையும். தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பிளக்கைக் கழற்றி, எயார் பில்டரைப் பார்த்தபின்தான் மற்றது. கடந்து வந்தபின் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மெல்லப் பிடித்து உலர்த்துங்கள். வட்டுவாகலில் ஓடுவது உவர் கலந்த தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாமல் படுக்காதீர்கள்.

உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்த வகை வண்டியின் அழகில் பாதி குரோம். முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய் கரையில் குரோமின் நுண்துளை வழியாக உப்பு இறங்கி அடியில் இரும்பைத் தின்னும். முதலில் ஊசிமுனைப் புள்ளி, பிறகு கொப்புளம். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிடாமல் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை மெழுகு பூசுங்கள். எங்கட கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்புத் தன்மை கூடியது. தானாகக் காயவிட்டால் வெள்ளைக் கறை படியும். பின்னால் மீன்பெட்டி கட்டுபவர்கள் பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து, வழியும் ஐஸ் தண்ணீரைக் குழாயால் வெளியே விடுங்கள். அந்தத் தண்ணீர் செயினிலும் விளிம்பிலும் சொட்டினால் ஒரு வருடத்தில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். கரையோரத்தில் இருப்பவருக்கு என் யோசனை: குரோம் குறைந்த, கறுப்பு வர்ணம் பூசிய மொடல்.

ஸ்ரியரிங் பெயாரிங்கை 5,000க்கு ஒருமுறை பாருங்கள். நடு ஸ்ரான்டில் நிறுத்தி முன்சில்லைத் தூக்கி, ஹான்டிலை இரு பக்கமும் மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போலப் பிடித்தால் பெயாரிங்கில் குழி விழுந்துவிட்டது. கிரவலின் அலைமேடுகள் செய்யும் வேலை அது. ஆளோ பாரமோ ஏற்றும்போது பின் ஷொக்கின் ஸ்பிரிங்கை இறுக்கும் படியைக் கூட்டுங்கள், இறக்கியதும் குறையுங்கள்.

உதிரிப்பாகம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. ஆகவே புது மொடல்களின் பாகங்கள் சின்னப் பட்டினக் கடைகளுக்கு வந்துசேரக் காலம் எடுக்கும். வண்டி எடுக்கும் அன்றே இரண்டு எயார் பில்டர், இரண்டு ஒயில் பில்டர், நாலைந்து வடிபோல்ட் வாஷர், ஒரு பிளக், ஒரு செற் பிரேக் பாட், பியூஸ்கள், ஒரு கிளச் கேபிள் என்று வாங்கி வீட்டில் வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் இடைப்பட்ட ஒயில் மாற்றத்தை வெளியில் செய்தால் ஒயில் வாங்கிய பற்றுச்சீட்டையும் கிலோமீற்றரையும் சேவைப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம். கிளச் கேபிளை மட்டும் வீட்டில் வைக்காமல் வண்டியிலேயே வையுங்கள்: பழைய கேபிள் போகும் அதே வழியில், தாங்கிக்கு அடியால், புதியதையும் பக்கத்தில் ஓட்டி, ஹான்டில் திரும்பும்போது இழுபடாதபடி கட்டி, இரண்டு முனையிலும் தூசி போகாமல் ரேப் சுற்றிவிடுங்கள். நடுவழியில் அறுந்தால் தாங்கியைக் கழற்றத் தேவையில்லை, இரண்டு முனையை மட்டும் மாற்றிக் கொழுவிவிட்டு ஓடலாம்.